பையர் 'ஃபைன்' என்று எழுதினால் நல்லதா, சுமாரா, வேண்டாமா?

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையரிடம் (சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்திடம்) பேசி ஆர்டரைக் கவனிப்பவராக இருக்கும் வாசகரின் கேள்வி இது. லண்டன் பையரிடமிருந்து அவருக்கு ஒரு மெயில்: 'தி ஃபேப்ரிக் இஸ் ஃபைன், பட் வீ வுட் லைக் சம்திங் ஃபைனர்.' துணி நன்றாக இருக்கிறது, இன்னும் நன்றாக வேண்டும் என்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, அதே துணிக்கு ஃபினிஷிங்கை (கடைசிப் பதப்படுத்தலை) மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். கேட்டது இதுவல்ல என்று திரும்பி வந்துவிட்டது. அகராதியைப் பார்த்தால் ஃபைனுக்கு ஏகப்பட்ட பொருள் போட்டிருக்கிறது, எதை எங்கே எடுப்பது, பதில் எழுதும்போது வேறு எந்தச் சொல்லைப் போடுவது என்று கேட்கிறார்.

அந்த வரியில் இருப்பது இரண்டு வேறு ஃபைன். முதலாவது 'பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை'. இரண்டாவது 'இன்னும் மெல்லிய நூல்'. அதாவது 30-ஆம் கவுண்டில் போட்டிருந்தால் 40-க்குப் போங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளமுள்ள நூல் சுருள் (சிட்டா) எத்தனை வருகிறது என்பதுதான் கவுண்ட் என்பதால் எண் கூடக் கூட நூல் மெலியும், இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிட்டிங் மெஷினில் ஃபைன் கேஜ் என்பதும் இதே பொருளில்தான்: அங்குலத்துக்கு 24 ஊசி இருக்கும் மெஷினைவிட 28 ஊசி இருப்பது ஃபைனர். தொழிலில் இருக்கிறவர் துணியைப் பற்றி 'ஃபைனர்' என்று ஒப்பிட்டுச் சொன்னால் நூலைத்தான் முதலில் நினைக்க வேண்டும், பாராட்டை அல்ல.

இத்தனை பொருள் எப்படி வந்தது என்றால், வேர் ஒன்றுதான். லத்தீனில் 'ஃபினிஸ்' என்றால் முடிவு, எல்லை. முடிவு வரை கொண்டுபோய்ச் செம்மை செய்தது உயர்ந்தது ஆனது, உயர்ந்த வேலை நுணுக்கமானது என்பதால் மெல்லியது, பொடியானது என்றும் ஆனது. வழக்கை முடித்துக்கொள்ளக் கொடுத்த பணம் அபராதம் ஆனது. ஃபைனான்ஸும் கடனைத் தீர்த்து முடிப்பதிலிருந்து வந்த சொல்தான், வட்டிக்கு வாங்கியவருக்கு இது சிரிப்பாக இருக்கலாம்.

வேர் தெரிந்து என்ன பயன், மெயில் வந்தால் எப்படிப் பிரிப்பது? சொல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் பெரும்பாலும் உயர்வு: 'எ ஃபைன் பிளேயர்' என்றால் அருமையான ஆட்டக்காரர். அதே சொல் பின்னால் போனால் இறங்கிவிடும்: 'தி பிளேயர் இஸ் ஃபைன்' என்றால் அவருக்கு அடி ஒன்றும் படவில்லை, நலமாக இருக்கிறார், அவ்வளவுதான். 'யுவர் சாம்பிள் இஸ் ஃபைன்' என்று பையர் எழுதியதைப் பாராட்டு என்று முதலாளியிடம் காட்டாதீர்கள், அது வெறும் பாஸ் மார்க். பொடி, நூல், மணல், எழுத்து மாதிரியான பொருள்களோடு முன்னால் வந்தால் மட்டும் அளவைச் சொல்கிறது. ஃபைன் பிரிண்ட் என்பது ஒப்பந்தத்தின் அடியில் இருக்கும் அந்தப் பொடி எழுத்து. கிரிக்கெட்டில் வரும் ஃபைன் இதில் எதிலும் சேராது, தனிக் கதை: ஃபைன் லெக் என்றால் கீப்பருக்குப் பின்னால், ஸ்டம்பு நேர்கோட்டை ஒட்டிய கோணம்.

நம் ஆட்கள் அதிகம் சறுக்கும் இன்னொரு இடம் 'வெரி'. 'வெரி ஃபைன் பவுடர்' சரி. ஆனால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'ஐ ஆம் வெரி ஃபைன்' என்று இங்கிலாந்துக்காரர் சொல்ல மாட்டார், 'வெரி வெல்' என்பார்.

சரி, மாற்றுச் சொல். இங்கேதான் அகராதி காலை வாரும், ஏனென்றால் அது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கொட்டிவிடும். ஃபைன் ஃபேப்ரிக் என்பதை 'தின் ஃபேப்ரிக்' என்று மாற்றினால் பையர் காதில் அது புகார், மட்டமான துணி. 'டெலிகேட்' என்றால் சீக்கிரம் கிழியும், பார்த்துத் துவைக்க வேண்டும் என்று எச்சரிக்கிறீர்கள். 'ஷீர்' என்றால் உள்ளே இருப்பது தெரியும், டி-ஷர்ட்டுக்கு அதைப் போட்டால் ஆர்டர் போச்சு. எடை குறைவு என்று சொல்ல வேண்டுமானால் 'லைட்வெயிட்' போட்டு ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) எண்ணையும் எழுதிவிடுங்கள், எண் இருந்தால் சண்டை வராது. எளிதில் கண்ணில் படாத நுட்பத்தைச் சொல்லும் 'சட்டில்' என்பது நிறத்துக்கோ வித்தியாசத்துக்கோ பொருந்தும், நூலுக்குப் பொருந்தாது.

பதில் எழுதும்போது 'ஃபைன்.' என்று ஒற்றைச் சொல்லும் முற்றுப்புள்ளியும் மட்டும் வைத்து அனுப்பாதீர்கள். நமக்கு அது 'சரிங்க'. அவர்களுக்கு அது 'என்னமோ செய்யுங்கள்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது போலப் படும். 'தட் ஒர்க்ஸ் ஃபார் அஸ்' என்றோ, 'வீ ஆர் ஹேப்பி வித் தட்' என்றோ எழுதுங்கள், கூட நாலு சொல் ஆகும், போகட்டும். அதேபோல, 'இன்னொரு செட் சாம்பிள் அனுப்பட்டுமா' என்று நீங்கள் கேட்டு, 'ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்' என்று வந்தால் அது வேண்டாம் என்ற பதில். சம்மதம் என்று நினைத்து கூரியர் போட்டால் செலவு உங்கள் கணக்கில்.

கடைசியாக அபராதம். ஹெல்மெட் போடாவிட்டால் போலீஸ் போடுவது ஃபைன், நீதிமன்றம் விதிப்பதும் ஃபைன், நூலகத்தில் தாமதமாகத் திருப்பினால் கட்டுவதும் அதுதான். அதிகாரம் உள்ள இடம் விதிப்பதுதான் ஃபைன். சரக்கு தாமதமானால் பையர் பிடித்துக்கொள்ளும் பணத்தை அப்படி எழுதக் கூடாது. ஒப்பந்தத்தில் அது 'பெனால்டி' என்றோ 'லிக்விடேட்டட் டேமேஜஸ்' என்றோ இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. இழப்பை முன்கூட்டி மதிப்பிட்டு எழுதும் தொகை லிக்விடேட்டட் டேமேஜஸ். இங்கிலாந்துச் சட்டத்தில், பையரின் நியாயமான வணிக நலனுக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்குப் பெரிய தொகையாக இருந்தால்தான் பெனால்டி, அது செல்லாது. இந்தியாவில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74, எழுதிய தொகையை உச்சவரம்பாக வைத்து, அதற்குள் நியாயமான ஈட்டுத்தொகையை மட்டும் தருகிறது. அதனால் பணம் பிடிப்பதாகச் சொல்லும் டெபிட் நோட் வந்தால், மேலே என்ன சொல் போட்டிருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதியிருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துவிட்டு அப்புறம் பதில் போடுங்கள்.