கழுத்தில் டயாலிசிஸ் குழாய் என்கிறார்கள், காலில் போடச் சொல்லலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, நெடுநாள் சர்க்கரை. கிட்னி போய்விட்டது, உடனே டயாலிசிஸ் தொடங்க வேண்டும், கழுத்தில் குழாய் போட வேண்டும் என்கிறார்கள். கழுத்தில் போட்டால் ஆபத்து, காலில் போடச் சொல் என்கிறார் சித்தப்பா. ஆஸ்பத்திரி வாசலில் பழக்கமான ஒருவரோ, திருவனந்தபுரத்தில் நிரந்தரக் குழாய் போட்டுவிட்டால் கையில் ஆபரேஷனே வேண்டாம், எல்லாம் பேசி முடித்துத் தருகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, கருங்கல்)

பதில்: கழுத்தில்தான் போட வேண்டும், அதுவும் வலது பக்கம். அங்கே இருக்கிற பெரிய ரத்தக்குழாய் நேராக இறங்கி இதயத்துக்குப் போகிறது, அதனால் டயாலிசிஸ் குழாய் மடங்காது, மெஷினுக்கு வேண்டிய வேகத்தில் ரத்தம் வரும். சித்தப்பாவின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அந்த ரத்தக்குழாயை ஒட்டியே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஓடுகிறது, கொஞ்சம் கீழே நுரையீரலின் மேல்முனை. முன்பெல்லாம் விரலால் தடவி உத்தேசமாகக் குத்துவார்கள். இப்போது ஸ்கேன் கருவியைக் கழுத்தில் வைத்தால் இரண்டும் கறுப்பு வட்டமாகத் தெரியும். லேசாக அழுத்தினால் ஒன்று தட்டையாகும், மற்றது துடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். தட்டையாவதில்தான் ஊசி போக வேண்டும். "ஸ்கேன் பார்த்துத்தானே போடுவீங்க டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இதை எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994-இல் வந்த சட்டம் நல்ல சட்டம், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் கழுத்தைப் பார்க்கிற கருவிக்கும் அதே பதிவு, அதே கெடுபிடி என்று ஆனதால், பயந்துபோய் கருவியை ஸ்கேன் அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள், இந்தப் பக்கம் டயாலிசிஸ் வார்டில் டாக்டர் விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். எத்தனை வருடம்தான் இதையே சொல்வது!

சரி, காலில் எப்போது போடலாம்? ஒன்று மட்டும் பாருங்கள்: நேற்று ராத்திரி அப்பாவால் மல்லாந்து படுக்க முடிந்ததா, எத்தனை தலையணை வைத்தார்? கிட்னி நின்றால் நீர் நுரையீரலில் ஏறும், சிலர் விடியவிடியக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே மூச்சு வாங்குவார்கள். கழுத்தில் குழாய் போட ஆளை மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், அப்போதுதான் ரத்தக்குழாய் நிரம்பி நிற்கும், ஊசி வழியாகக் காற்று உள்ளே போகாது. மூச்சு வாங்குகிறவரை அப்படிப் படுக்கவைத்தால் அங்கேயே விபரீதமாகிவிடும். அவருக்குத் தொடையிடுக்கில் போடுவதே சரி. இரண்டு மூன்று டயாலிசிஸில் நீர் வடிந்து, ஒற்றைத் தலையணையில் தூங்குகிற நிலை வந்ததும் கழுத்துக்கு மாற்றிவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அந்த இடத்தில் கிருமி சீக்கிரம் பிடிக்கும். அப்பா நன்றாகப் படுக்கிறார் என்றால் காலைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

காறை எலும்புக்குக் கீழே போடுகிறோம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். அங்கே ரத்தக்குழாய் சுருங்கிவிட்டால் அந்தப் பக்கத்துக் கையில் பிறகு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையின் ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஆபரேஷன்) போட்டும் பயனில்லாமல் போகும்.

இனி அந்த வாசல் ஆசாமி. நிரந்தரக் குழாய் என்று ஒன்று கிடையாது. அவர் சொல்வது தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓட்டி வெளியே எடுக்கும் குழாய், பெர்ம்கேத் என்பார்கள். கையில் போட்ட ஃபிஸ்டுலா தயாராக ஆறு வாரம் முதல் மூன்று மாதம்வரை ஆகும், அதுவரை தாக்குப்பிடிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபிஸ்டுலாவுக்குப் பதிலாக அதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிறவர் உங்கள் அப்பாவை நினைத்துச் சொல்லவில்லை, கமிஷனை நினைத்துச் சொல்கிறார். குழாயில் பிடித்த கிருமி நேரே ரத்தத்தில் இறங்கும். சொந்த ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாவில் அந்த ஆபத்து மிகக் குறைவு, பல வருடம் உழைக்கும். அவசரத்தில் நிற்கிற குடும்பத்தைப் பார்த்ததும் களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளாவுக்குக் கூட்டிப்போக ஆம்புலன்ஸோடு வந்து நிற்கிறவர்களிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ஃபிஸ்டுலா யார் போடுவார், எந்தத் தேதியில்? பதில் வராது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதலில் நாகர்கோவில் ஆசாரிபள்ளம் அரசு மெடிக்கல் காலேஜில் போய்க் கேளுங்கள், அதற்குப் புரோக்கர் தேவையில்லை. இத்தனை வருடச் சர்க்கரையில் யாராவது வருடாவருடம் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்து, கிட்னி கெடுவதை முன்பே கண்டுபிடித்திருந்தால் இந்த ஃபிஸ்டுலாவை ஆறு மாதம் முன்பே நிதானமாகப் போட்டிருக்கலாம், அது நடக்கவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அப்பா வலது கைப் பழக்கக்காரர் என்றால் ஃபிஸ்டுலாவுக்கு இடது கையைத்தான் காப்பாற்றி வைக்க வேண்டும், இன்றிலிருந்தே இடது கையில் ஊசி, டிரிப், பிரஷர் பார்ப்பது எதற்கும் விடாதீர்கள்.

கழுத்தில் குழாய் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துக் குழாயின் நுனியையும் நுரையீரலையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் குளத்தில் முங்கிக் குளிப்பது கூடாது, கட்டு நனையக்கூடாது. பக்கத்து கிளினிக்கில் அந்தக் குழாய் வழியாக ஊசி போடவோ ரத்தம் எடுக்கவோ விடாதீர்கள், மூடியை டயாலிசிஸ் ஆட்களைத் தவிர யாரும் திறக்கக்கூடாது. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல் அன்றைக்கே டயாலிசிஸ் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். குழாய் தவறி உருவிவிட்டால் உடனே படுக்கவைத்து, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.