எட்டாவது படித்த தம்பிக்குப் பஹ்ரைனில் மீன்பிடி வேலை: விசிட் விசாவில் அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் தங்கச்சிமடம். தம்பிக்கு 26 வயது, எட்டாவது வரை படித்திருக்கிறான். ராமேசுவரத்தில் விசைப்படகில் போய்க்கொண்டிருந்தான். இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் தெரிந்தவர் மூலமாக ஓர் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். பஹ்ரைனில் மீன்பிடி வேலை, ஒரு லட்சத்து இருபதாயிரம் ஆகும், முதலில் விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். அனுப்பலாமா? அனுப்புவதென்றால் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: தம்பி பஹ்ரைனுக்குப் போகலாம். ஆனால் விசிட் விசாவில் அனுப்பாதீர்கள். நகையையும் இப்போது எடுக்க வேண்டாம்.

முதலில் அவருடைய பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பாருங்கள். பத்தாவது தேறாதவர் என்பதால் 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' என்று இருக்கும். இதைத்தான் இ.சி.ஆர். பாஸ்போர்ட் என்கிறோம். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, இந்த பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியா போன்ற வேறு சில நாடுகளுக்கோ வேலைக்குப் போகிறவர், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வாங்கிய பிறகுதான் விமானம் ஏற வேண்டும். நம் பக்கத்தில் இ.சி.ஆர். என்றாலே ஒரு குறையைப் போலப் பேசுகிறார்கள். அந்த அனுமதி இல்லாமல் அனுப்பிவிடுகிறேன் என்பதையே ஏஜென்ட்கள் ஒரு வசதியாகச் சொல்லிக் காசு கேட்கிறார்கள். பத்தாவது பாஸ் என்று போலி மார்க் ஷீட் ஏற்பாடு செய்கிறேன் என்பவர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கீழக்கரையில் உட்கார்ந்து இருபது வருடமாக, சபுர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களின் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன். என் அனுபவத்தில், படிப்பு குறைந்த தொழிலாளிக்கு இருக்கிற பெரிய பாதுகாப்பே இந்த அனுமதிதான். முதலாளி யார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், எத்தனை வருடம் என்பதெல்லாம் ஒப்பந்தமாகப் பதிவானால்தான் அது கிடைக்கும். கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம் ரூபாய். கடலில் நிற்கிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசிட் விசாவில் போனால் இதில் ஒன்றுகூட இருக்காது. அரசுக் கணக்கில் அவர் ஊர் சுற்றிப்பார்க்கப் போனவர், அவ்வளவுதான்.

நான் முதல் தடவை போனதும் விசிட் விசாவில்தான். மாற்றித் தருகிறேன் என்றவர் மூன்று மாதம் இழுத்தார். பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தது. விசா தேதி முடிந்த பிறகு வெளியே தலைகாட்டப் பயந்து ஒரு கிடங்குக்குள்ளேயே கிடந்தேன். தருகிற சம்பளத்தை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கேட்க வாய் இல்லை. உங்கள் கடிதத்தில் 'விசிட் விசா' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கிடங்குதான் ஞாபகத்துக்கு வந்தது.

பணக் கணக்குக்கு வருவோம். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400. உங்களிடம் கேட்பது 1,20,000. மிச்சம் 84,600 ரூபாய் எதற்கு என்று கேளுங்கள். டிக்கெட், மெடிக்கல் என்று சொன்னால் ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது கேளுங்கள். அந்த 1,20,000-ஐ மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 3,600 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதல் சம்பளம் வருவதற்குள் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குள் வந்து பேசுகிறவர் பெரும்பாலும் துணை ஏஜென்ட்டாகத்தான் இருப்பார். சட்டத்தில் அப்படி ஒருவருக்கு இடமே இல்லை. வெளியுறவு அமைச்சகம் பதிவு பெற்ற ஏஜென்ட்களுக்கு உரிம எண் கொடுக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பெயரும் முகவரியும் ஒத்துப்போகிறதா, உரிமம் இப்போதும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். கையில் பணம் கொடுக்காதீர்கள். வங்கி மூலமாக, அதுவும் உரிமத்தில் உள்ள நிறுவனத்தின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு மனிதவளக் கழகம் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் தம்பியின் பெயரைப் பதிந்து வைத்தால் நல்லது.

அப்புறம் ஒப்பந்தம். எல்லாவற்றையும்விட இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். வேலையின் பெயர் 'மீனவர்' என்றே இருக்க வேண்டும். 'உதவியாளர்', 'கூலி' என்று பொதுவாக எழுதிவிட்டுப் படகில் ஏற்றினால், கடலில் ஏதாவது நடக்கும்போது அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு முதலாளி கையை விரிப்பார். இங்கே தம்பிக்குப் பிடிக்கிற மீனின் வருமானத்தைப் பிரித்துக்கொள்ளும் பங்கு முறை பழக்கம். அங்கே மாதச் சம்பளமா, பங்கா? காகிதத்தில் சம்பளம் என்று எழுதி, நடப்பில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்துப் பங்கு தருகிற படகுகள் வளைகுடாவில் உண்டு. மீன்பாடு சரியில்லாத மாதத்தில் கையில் ஒன்றும் நிற்காது, கடன்தான் ஏறும். அங்கேயும் மீன் வகைக்கு ஏற்பத் தடைக்காலங்கள் இருக்கின்றன. இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கரையில் உட்காருவதைப் போல, அங்கே படகு நிற்கிற நாட்களில் சம்பளம் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடல் எல்லையைப் பற்றி ராமேசுவரத்துப் பிள்ளைக்கு நான் பாடம் எடுக்க முடியாது. 1974-இல் இலங்கையோடு போட்ட எல்லைக்கோட்டின் விலையை உங்கள் ஊர் இன்றைக்கும் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவிலும் அப்படி ஒரு கோடு இருக்கிறது. 2001-இல் சர்வதேச நீதிமன்றம் வகுத்தது. வளைகுடாவில் எல்லை தாண்டியதாக நம் மீனவர்கள் பிடிபட்ட சம்பவங்கள் உண்டு. முதலாளி தாண்டச் சொல்லிப் பிடிபட்டால் வழக்குச் செலவு யாருடையது, சிறையில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று ஏஜென்ட்டிடம் நேராகக் கேளுங்கள். ஒப்பந்தம் அரபியில் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். தெரிந்த ஒருவரை வைத்துத் தமிழில் வாசிக்கச் சொல்லி, அம்மாவும் கேட்கிற மாதிரி முழுவதையும் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னாலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில், எப்போதோ குணமான காசநோயின் தழும்பு தெரிந்தால்கூட 'அன்ஃபிட்', அதாவது தகுதியில்லை என்று போட்டுவிடுவார்கள். ஏஜென்ட்டிடம் பணம் கொடுத்த பிறகு இது தெரிந்தால் அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கிற தம்பியின் செல்போன் எண் உயிரோடு இருக்க வேண்டும். அந்த சிம்முக்கு ரோமிங் போட்டுக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் இணைப்பு போய்விடலாம். அப்புறம் ஓ.டி.பி. வராமல் எந்தக் கணக்கையும் திறக்க முடியாது. இப்போதுள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் இருப்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்புகிற பணத்துக்குத் தனியாக என்.ஆர்.இ. கணக்கு தொடங்கினால் அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. நாமினி பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீடு, நிலம் சம்பந்தமாகக் கையெழுத்து தேவைப்படும் என்று தோன்றினால் பவர் பத்திரத்தை இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போன பிறகு என்றால் அதற்குத் தூதரகத்துக்கு நடக்க வேண்டும்.

பெட்டி கட்டும்போது அம்மாவிடம் ஒன்று சொல்லுங்கள். மசாலாப் பொடியில் கசகசா வேண்டவே வேண்டாம். அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் கணக்கில் வரும்; துபாய் வழியாக விமானம் மாறினாலும் சிக்கல்தான். கொப்பரைத் தேங்காயை லக்கேஜில் போட விடமாட்டார்கள். இருமல் மருந்து, வலி மாத்திரை எதுவானாலும் டாக்டர் சீட்டோடு இருக்கட்டும். நெத்திலிக் கருவாட்டையும் முண்டு மிளகாயையும் வாடை வெளியே வராமல் இரண்டு மூன்று கவர் போட்டுக் கட்டினால் போதும்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீட்டுத் தாள், முதலாளியின் பெயர், முகவரி, படகின் பதிவு எண் என எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். படகின் எண் மட்டும் அங்கே போன பிறகுதான் கிடைக்கும். முதல் நாள் போனில் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆள் எங்கே என்று தேடுகிற நிலை வந்தால் அதிகாரிகள் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். வெளியுறவு அமைச்சகத்தின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திராவின் இலவச எண் 1800 11 3090. அதையும் அந்தத் தாளிலேயே எழுதி வையுங்கள்.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு போன்தான். ஏஜென்ட்டைக் கூப்பிட்டு உரிம எண்ணைக் கேளுங்கள். இ.சி.ஆர். அனுமதியோடு, வேலை விசாவில் மட்டும்தான் தம்பி வருவான் என்று சொல்லுங்கள். சரி என்று எண்ணைக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம். இழுத்தால் அவரை விட்டுவிட்டு, பதிவு பெற்ற வேறொருவரிடம் போங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.