குழாயடிச் சண்டையா?

மதிப்பிற்குரிய ஐயா,

இரண்டு பெண் போலீஸ் அதிகாரிகள் மோதிக்கொள்ளும் ‘த ஹீட்’ என்ற ஆங்கில நகைச்சுவைப் படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருமாகப் பார்த்தோம். மகன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கோ உறுத்தலாக இருந்தது. இரண்டு ஆண் போலீஸ்காரர்கள் மோதிக்கொண்டால் நட்பின் தொடக்கம் என்கிறோம், பெண்கள் மோதிக்கொண்டால் குழாயடிச் சண்டை என்கிறோம். அந்தப் பார்வைக்கு இந்தப் படமும் தீனி போடுகிறது அல்லவா?

ஒரு வாசகி, காட்பாடி

அன்புள்ள சகோதரிக்கு,

பாலாறு வறண்ட கோடைகளில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும்போது நடந்த சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். வெறும் குடத்தோடு வீடு திரும்ப முடியாதவர்கள் போட்ட சண்டைகள் அவை. அவற்றைக் கேலிப்பொருளாக்கியவர்கள் குடம் தூக்காதவர்கள். ஆகவே, எதற்காகச் சண்டை என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

படத்தில், பாஸ்டன் நகரத் துப்பறிவாளர் மல்லின்ஸ் பிடித்துவைத்த ஆளை, அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரியாக நியூயார்க்கிலிருந்து வந்த ஆஷ்பர்ன் அவரைக் கேட்காமலேயே விசாரிக்க உட்கார்ந்துவிடுகிறார். பகை அங்கேதான் பிறக்கிறது. ஓர் ஆணுக்காகவோ அழகுக்காகவோ மூண்ட சண்டை அன்று. எந்தக் காவல் நிலையத்திலும் மூளக்கூடிய தொழில் சண்டை.

1987இல் வந்த ‘லெத்தல் வெப்பன்’ படத்தின் இரண்டு ஆண் போலீஸ்காரர்களில் ஒருவர் குடும்பஸ்தர், மற்றவர் தனிமையில் வெந்துகொண்டிருப்பவர். குடும்பம் தனியாளை அணைத்துக்கொள்கிறது. 2013இல் பால் ஃபீக் இயக்கிய இந்தப் படத்துக்கு எழுதிய கேட்டி டிப்போல்ட் அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார். சான்ட்ரா புல்லக்கின் ஆஷ்பர்ன், வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து, பக்கத்து வீட்டுப் பூனையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்பவர். மெலிசா மெக்கார்த்தியின் மல்லின்ஸுக்கோ பெரிய குடும்பம் உண்டு. போதைப்பொருள் வழியிலிருந்து மீட்பதற்காகச் சொந்தச் சகோதரனையே சிறைக்கு அனுப்பியதால், அந்தக் குடும்பம் அவர் முகத்தில் விழிக்க விரும்புவதில்லை. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகவே தனியாகிப்போன இருவர் என்பதால்தான் அவர்கள் கத்தும்போதும் எனக்கு அவர்கள்மீது பரிவு உண்டாகிறது.

ஓர் ஆடிக் கிருத்திகையன்று ரத்தினகிரி முருகன் கோயில் படிக்கட்டருகே பந்தோபஸ்தில் நின்ற இரண்டு பெண் காவலர்கள், கயிற்றை எங்கே கட்டுவது என்று கடுமையாக வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். “அக்கா, அங்க கட்டினா வயசானவங்க எப்படி ஏறுவாங்க?” என்றார் இளையவர். மூத்தவர் பதில் சொல்லாமல் கயிற்றை அவிழ்த்தார். பிறகு தன் லத்தியை இளையவர் கையில் கொடுத்துவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார். 1973 முதல் பெண்கள் பணியாற்றிவரும் காவல்துறை நம் தமிழ்நாட்டினுடையது. ஆயினும் நம் படங்களில் பெண் போலீஸ் பெரும்பாலும் ஒற்றையாகவே வருகிறார். அவரோடு வாதிட இன்னொரு பெண் போலீஸ் இருப்பதில்லை.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். உணவகத்தில் மூச்சடைத்தவரின் தொண்டையை ஆஷ்பர்ன் கீறும் காட்சியில் நகைச்சுவையைவிட ரத்தமே மிகுதி. உங்கள் மகன்கள் அங்கே சிரித்தார்களா, அல்லது இறுதியில் ஆஷ்பர்னின் பள்ளி ஆண்டு மலரில், இனி உனக்கு ஒரு சகோதரி உண்டு என்று மல்லின்ஸ் எழுதித் தரும்போது அமைதியானார்களா என்று எழுதுங்கள்.