காட்டுக் காளானும் மலை மூலிகையும்: கேள்வி பதில்

சேர்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் மழை பிடித்துவிட்டதால் காளான், மூலிகை பற்றிய கேள்விகள் குவிந்துள்ளன. நான் உயிர்வேதியியல் கற்பித்தவன். ஒரு காளானிலோ இலையிலோ என்ன பொருள் இருக்கிறது, அது உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்ற அளவில் பதில் சொல்வேன். நோய்க்கு மருந்து சொல்வதும், படத்தைப் பார்த்து உண்ணலாம் என்று தீர்ப்பளிப்பதும் என்னால் ஆகாது.

கேள்வி (நாகலூர்): எங்கள் காப்பித் தோட்டத்தில் இடிமழைக்குப் பிறகு புற்றுக்காளான் முளைக்கிறது. ஆட்டுக்கறியைவிட இதில் புரதம் அதிகம் என்கிறார்களே, உண்மையா? இதை ஏன் யாரும் கொட்டகை போட்டு வளர்ப்பதில்லை?

பதில்: பறித்த காளானில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். மீதமுள்ள காய்ந்த பகுதியில்தான் 20 முதல் 35 விழுக்காடு புரதம் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆகவே 100 கிராம் பச்சைக் காளானில் 2 முதல் 4 கிராம் புரதம் தேறும். அதே எடைக் கறியில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். காய்ந்த காளானையும் பச்சைக் கறியையும் எதிரெதிரே நிறுத்தினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தராசைச் சாய்க்கலாம். அந்த 30, 35 என்ற எண்களிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25 ஆல் பெருக்குகிறார்கள். காளானின் செல்சுவரில் உள்ள கைட்டினிலும் நைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அது நமக்குப் புரதமாகப் பயன்படாது. அதனால் காளானுக்கு 4.38 ஆல் பெருக்குவதே முறை. 30 என்று அச்சடித்திருப்பது இந்தத் திருத்தத்துக்குப் பின் 21 ஆகிவிடும்.

வளர்ப்பு பற்றிய கேள்விக்கு விடை மண்ணுக்குள் இருக்கிறது. கறையான் சருகையும் மரத்துகளையும் மென்று புற்றுக்குள் தேன்கூடு போன்ற ஓர் அடுக்கைக் கட்டுகிறது. அதில் வளரும் பூசணம் மரத்துக்குக் கடினம் தரும் லிக்னினைச் சிதைத்துக் கொடுக்க, கறையான் அதைத் தின்று வாழ்கிறது. மழை இறங்கியதும் அந்தப் பூசணம் வெளியே நீட்டும் குடையே நீங்கள் பறிப்பது. தண்டைப் பிடித்தபடி மெல்லத் தோண்டிப் பாருங்கள். அது வேர்போல மெலிந்து நீண்டு கறையானின் அடுக்கில் போய் முடியும். டெர்மிட்டோமைசிஸ் என்பது இதன் பேரினம். தென்னிந்தியாவிலிருந்து 1979இல் அறிவியலில் பதிவான டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மியும் இதில் ஒன்று. கறையான் இல்லாமல் வணிக அளவில் குடை வரவைக்க இன்னும் வழி பிறக்கவில்லை. புற்றை இடிக்காமல் விட்டால் அடுத்த மழைக்கும் அங்கேயே முளைக்கும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): வீட்டுப் புல்தரையில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான் வந்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். உண்ணலாமா?

பதில்: படத்தை வைத்துச் சொல்ல மாட்டேன் என்று மேலேயே எழுதியிருக்கிறேன், ஐயா. ஆனாலும் புல்தரையில் வரும் பெரிய வெள்ளைக் குடை என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான் இப்படிப்பட்ட இடத்தில்தான் வரும். குடையை அறுத்து, அதன் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடி இரவு முழுவதும் விட்டால், காலையில் தாளில் வித்துத்தூள் படிந்திருக்கும். இந்தக் காளானின் தூள் பாசிப்பச்சை சாயலில் இருக்கும். தின்றவர்களுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். தூள் பச்சையாக இல்லை என்பதால் மட்டும் ஒரு காளான் நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (ஓமலூர்): கொதிக்கும் காளானில் வெள்ளிக்காசைப் போட்டால் விஷம் இருந்தால் கறுக்கும், மஞ்சள் சேர்த்து வேகவைத்தால் முறிந்துவிடும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

பதில்: இரண்டும் தவறு, இரண்டும் உயிரை வாங்கும். வெள்ளி கந்தகத்தால்தான் கறுக்கும். காளான் நஞ்சுக்கு அது அசைந்துகொடுக்காது. அமானிட்டா பேரினத்தின் சில இனங்களிலும் சிறிய லெப்பியோட்டாக்கள் சிலவற்றிலும் உள்ள ஆல்ஃபா அமானிடின் எட்டு அமினோ அமிலங்கள் வளையமாகப் பிணைந்த பொருள். கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் உலர்த்தினாலும் அது கெடாது. குடலின் நொதிகளும் அதை வெட்டாது. கல்லீரல் செல்லுக்குள் புகுந்து ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்ற நொதியை முடக்குவதால் செல் புதிய புரதம் செய்ய முடியாமல் மடிகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் சென்றாலே உயிருக்கு ஆபத்து.

இதில் மிகக் கொடியது இதன் கால ஓட்டம். உண்டபின் 6 மணி நேரத்துக்கும் மேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அடுத்து ஒரு நாள் அளவுக்குத் தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். அந்தத் தெளிவை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், அதற்குள் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். காளான் உண்டு நேரம் கழித்து வாந்தி தொடங்கினால் மிச்சமிருக்கும் காளானையும் கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி (வாழப்பாடி): பூச்சி அரித்த காளான் என்றால் நஞ்சில்லை என்று நம்பலாமா?

பதில்: கூடாது. அமானிடின் உள்ள காளானைப் புழுவும் நத்தையும் தின்னும். அவற்றின் உடல் வேறு, நம் உடல் வேறு.

கேள்வி (சேலம், முதுகலை மாணவர்): ஏற்காட்டில் சேகரித்த காட்டுக் காளானின் மெத்தனால் சாற்றை டி.பி.பி.எச். முறையில் சோதித்தேன். ஐ.சி. 50 மதிப்பு மில்லிலிட்டருக்கு 180 மைக்ரோகிராம். அஸ்கார்பிக் அமிலத்துக்கு 12. ‘சிறந்த ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றல் உடையது, புற்றுநோயைத் தடுக்கும்’ என்று ஆய்வேட்டின் முடிவுரையில் எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம், தம்பி. ஐ.சி. 50 என்பது சோதனைக் கரைசலில் பாதியைச் செயலிழக்கவைக்கத் தேவைப்படும் அளவு; அது குறையக் குறையத்தான் ஆற்றல் கூடுதல். உங்கள் சாறு வைட்டமின் சி-யைவிடப் பதினைந்து மடங்கு வலுக் குறைந்தது. அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்திருப்பீர்கள்: கத்தரிப்பூ நிறக் கரைசல் மஞ்சளாக வெளுக்கிறது, அதை 517 நானோமீட்டரில் அளக்கிறோம். மெத்தனாலில் கரைந்த ஏதோ ஒன்று எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்தது என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. அந்தக் கத்தரிப்பூ நிற டி.பி.பி.எச்., எந்த உடலிலும் இல்லாத செயற்கை மூலக்கூறு. நீல நிறம் தோன்றுவதை வைத்து ஃபோலின் முறையில் அளக்கும் மொத்த ஃபீனாலுக்கும் இதே கதிதான். வைட்டமின் சி-யும் ஒடுக்கும் சர்க்கரைகளும்கூட அங்கே நீலத்தைக் கூட்டிக் காட்டும். உணவுகளை இப்படித் தரவரிசைப்படுத்திய ‘ஓராக்’ அட்டவணையை அமெரிக்க வேளாண் துறையே 2012இல் திரும்பப் பெற்றுக்கொண்டது, மதிப்புகளை வணிகர்கள் விளம்பரத்துக்குத் திருப்பிவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதைவிட நல்ல வேலை ஒன்று சொல்கிறேன். அந்தக் காளானில் எர்கோதயோனின் என்ற அமினோ அமில வகைப் பொருள் எவ்வளவு என்று, கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் அளந்து பாருங்கள். நம் உடல் அதைத் தானே செய்துகொள்வதில்லை; ஆனால் அதைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்லத் தனிக் கடத்திப் புரதம் நம்மிடம் உண்டு என்று 2005இல் கண்டறிந்தார்கள். உடல் தேடிச் சேர்த்துவைக்கும் பொருளுக்கு மதிப்புக் கூடுதல். அதற்கும் முன்பாக மாதிரியை உலர்த்திப் பாதுகாத்து, இனத்தை உறுதிசெய்யுங்கள். ‘காட்டுக் காளான்’ என்ற பெயரில் எந்த ஆய்வும் நிற்காது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, நாட்டுமருந்து வணிகர்): மேலே மாணவருக்குச் சொன்னதைப் படித்தேன். இப்படியே போனால் மூலிகை எதுவுமே வேலை செய்யாது என்பீர்கள் போலிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கிறோம். குணமாகாமலா மக்கள் திரும்ப வருகிறார்கள்?

பதில்: மூலிகை வேலை செய்யாது என்று நான் எங்கும் எழுதவில்லை, ஐயா. உங்கள் கடையில் இருக்கும் ஆடாதோடையின் வாசிசினை அடிப்படையாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் மாத்திரை உருவானது. பொருள் இருப்பது ஒரு செய்தி, அது நோயைத் தீர்ப்பது இன்னொரு செய்தி. இரண்டுக்கும் நடுவில் நிறைய வேலை கிடக்கிறது. கீழாநெல்லிக்கு அந்த வேலையைத் தொடங்கியதே சென்னைதான். மஞ்சள் காமாலை பி வைரஸைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்ததாக 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. பிற இடங்களில் செய்த சோதனைகளில் அது அப்படியே திரும்பக் கிடைக்கவில்லை. இன்னொன்று, தண்ணீரால் வரும் ஏ வகைக் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். கீழாநெல்லி குடித்தவரும் குடிக்காதவரும் குணமாவார்கள். குடித்தவர் மட்டுமே உங்கள் கடைக்கு நன்றி சொல்ல வருவார்.

கேள்வி (அதே வணிகர்): நாங்கள் கீழாநெல்லிச் சமூலத்தை, அதாவது வேரோடு முழுச் செடியை, பச்சையாக அரைத்து மோரில் கலந்து கொடுக்கிறோம். உலர்ந்த பொடியைக் குப்பியில் அடைத்துக் கொடுத்துவிட்டுப் பலிக்கவில்லை என்றால், அது எங்கள் முறைமீது குறையா?

பதில்: இது வலுவான வாதம். 1988 ஆய்விலும் கொடுத்தது உலர்ந்த பொடிதான். பச்சை இலை, உலர்ந்த இலை, மோர், சாராயம் என்று ஊடகம் மாற மாற உள்ளே போகும் பொருள்களும் மாறும். கீழாநெல்லியிலுள்ள ஃபில்லாந்தின் போன்ற லிக்னான் வகைப் பொருள்கள் தண்ணீரில் எளிதில் கரையாதவை; மோரின் கொழுப்பு அவற்றை ஏந்திச் செல்லக்கூடும். மஞ்சளையே பாருங்கள். குர்குமின் தனியாகப் போனால் குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. 2 கிராம் குர்குமினோடு மிளகிலுள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் அதன் அளவு 20 மடங்கு உயர்ந்ததாக 1998இல் பெங்களூருவில் செய்த ஆய்வு காட்டியது. சேலத்து மஞ்சளையும் ஏற்காட்டு மிளகையும் ஒன்றாக அரைத்தவர்கள் காரணம் தெரியாமலே சரியாகச் செய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் முறையையே சோதிக்க வேண்டும் என்பேன். சோதிக்காமலே மெய் என்று கொள்ள மாட்டேன். கூடவே, உங்களுக்கு வரும் மூட்டையில் கீழாநெல்லியோடு அதைப் போலவே தோன்றும் மேலாநெல்லியும் கலந்து வருகிறதா என்று பிரித்துப் பாருங்கள்.

கேள்வி (ஆத்தூர்): மருந்துக்கூர்க்கன் பயிரிட்டிருக்கிறேன். கிழங்கில் ‘சத்து’ குறைவு என்று விலையைக் குறைக்கிறார்கள். என்ன சத்து அது?

பதில்: ஃபோர்ஸ்கோலின். செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற மூலக்கூறை உண்டாக்கும் நொதியை நேரே தூண்டும் பொருள் என்பதால் ஆய்வகங்களுக்கும் அது தேவைப்படுகிறது. கிழங்கின் மேற்பட்டையில் உள்ள தக்கைச் செல்களில்தான் அது தங்குகிறது. எனவே கழுவும்போது தோலைத் தேய்த்து உரிக்காதீர்கள். அறுவடை செய்த கிழங்கை வில்லைகளாக நறுக்கி உடனே உலர்த்துங்கள், ஈரத்தோடு குவித்தால் பூசணம் பிடிக்கும். வாங்குபவர் சொல்லும் அளவுக்கு ஆய்வகச் சான்று கேளுங்கள். விலை ஒப்பந்தத்தைப் பற்றிச் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

கேள்வி (கெங்கவல்லி): மூட்டுவலிக்குக் கண்வலிக்கிழங்கை அரைத்து உள்ளுக்குச் சாப்பிடலாமா? அதிலிருந்துதானே மருந்து எடுக்கிறார்கள்?

பதில்: கூடவே கூடாது. அதிலுள்ள கோல்கிசினை மருத்துவர்கள் 0.5 மில்லிகிராம் மாத்திரையாக எண்ணிக் கொடுக்கிறார்கள். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது செடிக்குச் செடி மாறும். பிரியும் செல்களை அது நடுவழியில் நிறுத்திவிடும்; எலும்பு மச்சையும் குடலும் முதலில் அடிபடும். வேகவைத்தால் போய்விடுமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: போகாது.

கேள்வி (அம்மாப்பேட்டை): படம் இணைத்துள்ளேன். இந்தக் காளான்...

பதில்: பார்க்கவில்லை.

கேள்வி (ஏற்காடு): சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரை மணல்போல் இருக்கிறது. நாக்கிலேயே இனிப்பை அழிக்கிறதென்றால் இரத்தத்திலும் சர்க்கரையை அழிக்கும் அல்லவா?

பதில்: அழிக்கவில்லை அம்மா, மறைக்கிறது. இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளில் போய் ஒட்டிக்கொள்வதால் சர்க்கரை அங்கே உட்கார்ந்தும் மூளைக்குச் சேதி போவதில்லை. அரை மணி, ஒரு மணி நேரத்தில் பிடி தளர்ந்து இனிப்பு திரும்பிவிடும். நீங்கள் விழுங்கிய சர்க்கரை அப்போதும் முழுதாகவே இரத்தத்துக்குப் போயிருக்கும். இரத்தச் சர்க்கரையை இலை ஓரளவு குறைப்பதாகச் சிறு ஆய்வுகள் உள்ளன; அதனால்தான் ஏற்கெனவே நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைத் தாங்களாகச் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். இலையைத் தொடர்ந்து மெல்வதாக இருந்தால் மருத்துவரிடம் அதையும் மருந்துச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.