கட்சி மாறினால் பதவி போகுமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: மனசாட்சிக்கு ஒவ்வாத கட்சியில் ஒரு எம்.எல்.ஏ. ஐந்தாண்டும் இருந்துதான் ஆக வேண்டுமா? (ஆசிரியை, மதுரை)

தேவையில்லை அம்மா, தாராளமாக விலகலாம். ஆனால் பதவியையும் விட்டுவிட்டு விலக வேண்டும். தேர்தலுக்கு முன் வீட்டுக்கு வரும் மாதிரி வாக்குச்சீட்டை என் தாயார் விரித்துப் பார்ப்பார். பெயர்களைப் படிக்கமாட்டார், விரல் நேரே சின்னத்துக்குப் போகும். அந்தச் சின்னத்துக்கு விழுந்த வாக்கை எதிர்முகாமுக்குத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் உரிமை இல்லை.

கேள்வி: இந்தக் கட்சித் தாவல் தடைச் சட்டம் எப்படி வந்தது? (கல்லூரி மாணவர், திருச்சி)

1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை அணி மாறினார், தம்பி. ‘ஆயா ராம், கயா ராம்’ (வந்தார் ராம், போனார் ராம்) என்ற சொலவடை அவரால் பிறந்தது. சட்டமோ 1985இல்தான் வந்தது. அரசியலமைப்பின் பத்தாவது அட்டவணை அது. மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் தப்பலாம் என்று அதில் இருந்த வழியை 2003இல் அடைத்தார்கள்.

கேள்வி: பிறகும் கோவாவில் கூட்டமாகத் தாவினார்களே? (வணிகர், சேலம்)

‘இணைப்பு’ என்ற வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வேறு கட்சியுடன் இணைந்தால் பதவி தப்பும். 2019இல் அங்கே 15 காங்கிரஸ் உறுப்பினர்களில் 10 பேர் பாஜகவுக்குப் போனார்கள். ஒருவர் போனால் துரோகம், பத்துப் பேர் போனால் இணைப்பு! இந்த விதியை நீக்கியே ஆக வேண்டும்.

கேள்வி: தமிழ்நாட்டில் 18 பேர் பதவி இழந்தார்கள், 11 பேர் இழக்கவில்லை. ஏன்? (ஓய்வுபெற்ற ஊழியர், சென்னை)

ஐயா, நோய் இருக்கும் இடமே இதுதான். 2017 பிப்ரவரி 18 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 11 அதிமுக உறுப்பினர்கள் தங்கள் அரசை எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு கட்சியின் இரு அணிகளும் ஒன்றாயின. 2020இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பதவி பற்றிய முடிவைப் பேரவைத் தலைவரிடமே விட்டது. சட்டமன்றத்தின் ஆயுள் முடியும்வரை அவர்கள் பதவி பறிபோகவில்லை. முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் மனுக் கொடுத்த 18 பேரையோ, ஒரு மாதத்துக்குள், 2017 செப்டம்பர் 18 அன்று அதே பேரவைத் தலைவர் தகுதிநீக்கம் செய்தார். அந்தத் தொகுதிகளின் மக்களுக்கு 2019 வரை சட்டமன்றத்தில் ஆளே இல்லை. ஆளுங்கட்சியால் தேர்ந்தெடுக்கப்பட்டவரிடம் இந்த அதிகாரம் இருக்கும்வரை இப்படித்தான் நடக்கும். பேரவைத் தலைவர் மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று 2020இல் மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என்னைக் கேட்டால், முடிவெடுக்கும் வேலையையே ஒரு தீர்ப்பாயத்திடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: பஞ்சாயத்துக்கும் இது பொருந்துமா? (வார்டு உறுப்பினர், தஞ்சாவூர்)

பொருந்தாது. கேரளம் உள்ளாட்சிக்கென்று 1999இல் தனிச்சட்டம் இயற்றியிருக்கிறது.

கேள்வி: கட்சிக் கொறடா எப்படி வாக்களிக்கச் சொல்கிறாரோ அந்த உத்தரவுப்படி கை தூக்குவதற்கு எம்.எல்.ஏ. எதற்கு? (இளம் வழக்கறிஞர், கோவை)

நியாயமான கோபம். ஆட்சி நிலைக்குமா என்று தீர்மானிக்கும் வாக்கெடுப்புகளுக்கு மட்டும் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தினால் போதும். தன் ஊர் நிலத்தைப் பாதிக்கும் மசோதாவை எதிர்த்து ஓர் உறுப்பினர் வாக்களித்தால் அவர் பதவி ஏன் போக வேண்டும்?

கேள்வி: விலகி, மறுபடி நின்று ஜெயித்துவிட்டால்? (இல்லத்தரசி, வேலூர்)

கர்நாடகத்தில் அப்படித்தான் நடந்தது, அம்மா. 2019இல் ராஜினாமா கொடுத்தும் தகுதிநீக்கம் செய்யப்பட்டவர்கள் மறுபடி போட்டியிட உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 15 தொகுதி இடைத்தேர்தலில் பாஜக 12 இடங்களில் வென்றது. எனக்கு அது கசக்கிறது. ஆனாலும் ஏற்றுக்கொள்கிறேன், இந்த முறை வாக்காளரிடம் கேட்டார்கள்.