உப்புக் காற்றும் கரிக்கும் தண்ணீரும்: கடலோரக் கொல்லையில் வருடம் முழுவதும் காய்கறி

கேள்வி: ஐயா, வேதாரண்யம் பக்கம், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. கொல்லையில் ஐந்து சென்ட் மணல் நிலம் இருக்கிறது. போர்த் தண்ணீர் லேசாகக் கரிக்கும். மாசியில் நட்ட தக்காளி நன்றாக வளர்ந்தாலும் சித்திரையில் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. நிழல்வலை கட்டியும் பலனில்லை. கத்தரி, அவரை இலைகள் ஓரத்தில் கருகுகின்றன. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள், போடலாமா? ஐப்பசி மழை வந்தால் மிச்சமும் அழுகிவிடுகிறது. வருடம் முழுவதும் வீட்டுக்குக் காய் எடுக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அம்மா. ஆனால் கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருப்பவர்கள் பின்பற்றும் விதைப்புப் பட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் ஊருக்கு ஒத்துவராது.

தக்காளிப் பூ கொட்டியது உங்கள் கவனிப்புக் குறையால் அல்ல. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தாலும் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பிஞ்சு பிடிக்காமல் பூ காம்போடு உதிரும். நிழல்வலை பகல் வெயிலைத்தான் தணிக்கும். சித்திரையில் கடலோர இரவே புழுக்கமாக இருக்கும்போது வலையால் என்ன செய்ய முடியும்? அதனால் நடவை முன்னே கொண்டுவாருங்கள். கார்த்திகை முதல் வாரம் கூரைக்குக் கீழே குழித்தட்டில் விதை போட்டு, 25 நாள் நாற்றை மார்கழி தொடக்கத்தில் நடுங்கள். தையில் பூக்கும், மாசி, பங்குனியில் பறிக்கலாம். சித்திரை பிறந்ததும் செடியைப் பிடுங்கிவிடுங்கள். அதற்கு மேல் வைத்திருந்தால் வெள்ளை ஈயும் இலைச்சுருட்டையும்தான் மிஞ்சும். ரகத்துக்குப் பி.கே.எம். 1 போதும்.

இலை ஓரக் கருகல்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது. செடியின் அருகில் போய்ப் பாருங்கள். கடலைப் பார்த்த பக்கத்து இலைகள் மட்டும், இளசு முதிர்ச்சி பேதமில்லாமல் கருகியிருந்தால் அது உப்புக் காற்றின் வேலை. எல்லாப் பக்கமும் அடி இலைகள் முதலில் கருகி, நுனிக்கொழுந்து பச்சையாக இருந்தால், தண்ணீரிலும் மண்ணிலும் உப்பு ஏறியிருக்கிறது. காலையில் மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

காற்றுக்கு வேலிதான் மருந்து. கடல் பக்கம் நொச்சியும் ஆடாதொடையும் நெருக்கி நட்டுவிடுங்கள். அவை வளரும்வரை தென்னங்கீற்றுத் தட்டி நிறுத்தினாலும் சரி. தண்ணீர் விஷயத்தில் மூன்று நான்கு பழக்கங்களை மாற்ற வேண்டும். இலைமேல் தெளிக்காதீர்கள், வேரடியில் மட்டும் விடுங்கள். தினமும் மேலாக ஈரம் காட்டுவது கெடுதல், நீர் ஆவியாகி உப்பு மேலேயே தங்கிவிடும். விடும்போது வேருக்குக் கீழே இறங்கும்வரை விடுங்கள், மணல் நிலத்தில் உப்பு சுலபமாகக் கழுவிக்கொண்டு போகும். பிறகு மண் தெரியாத அளவுக்குக் காய்ந்த இலை, வைக்கோலால் மூடிவிடுங்கள். தொழு உரத்தை வருடா வருடம் தாராளமாகப் போடுங்கள், மணலுக்கு ஈரம் பிடிக்கும் சக்தியை அதுதான் தரும்.

தென்னைநார்க் கழிவை வாங்கினால் ஒரு எச்சரிக்கை. உப்பங்கழித் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்திருந்தால் அதிலேயே உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிட்டுத்தான் தொட்டிக்குப் போட வேண்டும்.

ஜிப்சம் இப்போது வேண்டாம். 2004 சுனாமியில் கடல்நீர் புகுந்த நாகை மாவட்ட வயல்களுக்கு அதைச் சொன்னார்கள், உண்மைதான். மண் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டு நிலம் இறுகிப்போன இடத்துக்கான வைத்தியம் அது. உங்களுடையது தண்ணீர் இறங்கும் மணல். பரிசோதனையில் தேவை என்று வந்தால் மட்டும் போடுங்கள்.

வெயில் காலத்துக்கு நான் முதலில் சொல்வது கொத்தவரை. உப்பையும் வெக்கையையும் சேர்த்துத் தாங்கும் காய் அதுபோல் வேறில்லை. கூடவே தட்டைப்பயறு, தண்டுக்கீரை, வேலியோரம் முருங்கை. வெண்டையும் வரும், ஆனால் தண்ணீர் ரொம்பக் கரித்தால் திணறும். இவற்றை மாசிக் கடைசியில் விதைத்து, அக்கினி நட்சத்திரத்துக்கு முன்பே செடி வேர் பிடித்துவிடும்படி பாருங்கள். அவரையும் பீன்ஸும் உப்பைக் கொஞ்சமும் தாங்காதவை. பீன்ஸை மறந்துவிடுங்கள், அவரையை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடியில் அவரையோடு பீர்க்கு, புடல், பாகல். ஐம்பத்தைந்து, அறுபது நாளில் காய்க்கத் தொடங்கிவிடும் என்பதால் புரட்டாசி முழுக்கப் பறித்து, பெருமழைக்கு முன் முடித்துக்கொள்ளலாம். பழ ஈ குத்தாமல் பிஞ்சிலேயே காகிதப் பை கட்டிவிடுங்கள். பந்தலைக் கனமான கம்பிகளால் போட வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியது உங்கள் பக்கத்தில்தான், ஐப்பசிக்குள் பந்தலைப் பிரித்து வைப்பது நல்லது.

ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தில் நேராக விதைக்க ஆசைப்படாதீர்கள். அந்த மழை உங்கள் மண்ணின் உப்பைக் கழுவ வரும் மழை, வேலையைச் செய்யட்டும். நிலத்தில் ஒரு அடி உயர மேடை போட்டு, நடுவே வடிகால் விட்டால் கத்தரியும் மிளகாயும் தப்பிக்கும். நாற்று அழுகாமலிருக்க விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடி) கலந்து போடுங்கள்.

மழைநீரைப் பிடிப்பதையும் விட்டுவிடாதீர்கள். 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 900 லிட்டர் விழும், சேதாரம் போக 700 லிட்டராவது தேறும். மூடிய டிரம்களில் வைத்துக்கொண்டு நாற்றுக்கும் இளஞ்செடிக்கும் மட்டும் செலவழியுங்கள். செடி உப்புக்கு அதிகம் துவள்வது அந்த வயதில்தான்.

உங்கள் கடிதம் புரட்டாசியில் வந்திருக்கிறது. இப்போதே தொழு உரம் கலந்து மேடைகளைப் போட்டுவிடுங்கள். அதோடு மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் பிடித்து, ஒரு படி மண்ணோடு சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்து ஈ.சி. அளவு, அதாவது உப்பு எவ்வளவு என்று காட்டும் மின்கடத்து அளவு, கேளுங்கள். தண்ணீரின் ஈ.சி. 0.75-க்குள் (டெசிசீமன்ஸ்/மீட்டர் கணக்கில்) இருந்தால் எதுவும் நடலாம். அதிலிருந்து 3 வரை நான் மேலே சொன்னபடி பயிரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 3-ஐத் தாண்டினால் போர்த் தண்ணீரை நேராக விடாமல், மழைநீரோடு கலந்தே விடுங்கள்.