1098-ஐ அழைத்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களா?

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு மனைவியை அடிக்கிறார். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகன், சத்தம் அடங்கும்வரை புத்தகப் பையோடு எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறான். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொன்னால் அவனைத் தாயிடமிருந்து பிரித்துக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது, ஆனால் அது உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே என்றும், இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. இத்தகைய வழக்குகளில் முடிவெடுக்க அச்சட்டப்படி மாவட்டத்தில் அமைக்கப்படும் குழந்தைகள் நலக் குழு விசாரித்து, சமூகப் பணியாளரின் கண்காணிப்புடன் பிள்ளையைத் தாயிடமே விட்டுவைக்கவும் முடியும்.

இங்கே ஆபத்து தாயிடமிருந்து வரவில்லை என்பதை மறக்கக் கூடாது. அவர் பாதுகாப்பாக இருந்தால்தான் மகனும் பாதுகாப்பாக இருப்பான். எனவே கணவர் வீட்டில் இல்லாத வேளையில் அவரிடம் தனியாகப் பேசி, அவர் என்ன விரும்புகிறார் என்று முதலில் கேளுங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணையும் சொல்லுங்கள். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, அடிப்பவரையே வீட்டைவிட்டு வெளியேறுமாறு நீதித்துறை நடுவர் உத்தரவிடலாம். தாயும் பிள்ளையும் துணிமூட்டையோடு கிளம்ப வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அச்சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலருக்கு நீங்களே தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் சொன்னவர்மீது வழக்குத் தொடர அச்சட்டத்தில் இடமில்லை.

1098-இல் பேசும்போது 'அப்பா குடிகாரர்' என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த நாள், எத்தனை மணி, என்ன கேட்டீர்கள், சிறுவன் சாப்பிட்டிருந்தானா, உடலில் காயம் தெரிந்ததா என நேரில் கண்டதை மட்டும் சொல்லுங்கள். அடிதடி நடந்துகொண்டிருந்தால் உடனே 112 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்ற ஐயம் எழுந்தாலோ தெரிவிப்பது உங்கள் விருப்பம் அல்ல, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி கடமை.

தாய் தனித்து வாழும் நிலை வந்தால், கைம்பெண், விவாகரத்தானவர், கைவிடப்பட்டவர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு, வருமான வரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். வறுமைக்காக மட்டும் பிள்ளையை இல்லத்தில் விடும் தாய்மார்களுக்கு இத்திட்டம் தெரியாமலே போவது எனக்குப் பெரும் வருத்தம்.

இவை நடக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அவன் வாசற்படிக்கு வரும் இரவுகளில் உள்ளே அழைத்துச் சோறு போடுங்கள். அப்பாவைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், அவனாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள்.